உங்களுக்குத் தெரியுமா? ஒரே ‘டக்’... தோல் துண்டு ரெடி!

மயிலம் மலைக்கோயிலுக்குப் போகிறீர்கள். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றி விடுகிறீர்கள். ஒரு நொடி நில்லுங்கள்! அந்தச் செருப்பின் வார், மேல்தோல், உள்தோல் எதிலும் பெரும்பாலும் கத்தரிக்கோலே பட்டிருக்காது!

பின்னே வெட்டியது எது? ஓர் எஃகு வளையம்! கூரான விளிம்புள்ள எஃகுப் பட்டையை வேண்டிய வடிவத்தில் வளைத்து, முனைகளை வெல்டிங் செய்தால் அதுதான் ‘டை’. தோலை விரி. டையை மேலே வை. கிளிக்கர் பிரஸ் என்ற அழுத்து இயந்திரத்தை அமுக்கு. டக்! துண்டு கையில்! ஆன நேரம், ஏறக்குறைய 1 நொடி!

அந்த ஒரு ‘டக்’கின் பலம் எவ்வளவு? சிறிய பட்டறையில் நிற்கும் சாதாரண கிளிக்கர் பிரஸ்ஸே 20 டன் அமுக்கும்! அதாவது 20,000 கிலோ! அத்தனையும் இறங்குவது முடி போன்ற மெல்லிய விளிம்பின் மேல்!

இதைக் கேளுங்கள். அந்த 20 டன்னைக் கிளப்ப எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டும்? உங்கள் வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறதே, அந்த அளவு போதும். சுமார் 1 குதிரைத்திறன்!

மிச்ச வேலையை எண்ணெய் பார்த்துக்கொள்கிறது. சின்னக் குழாயில் கொடுத்த அழுத்தம், பெரிய உருளையில் பல மடங்கு பலமாக வெளிவரும். இந்த ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு இங்கிலாந்தின் ஜோசப் பிராமா காப்புரிமை வாங்கிய ஆண்டு 1795!

கரண்டே இல்லையா? கவலை வேண்டாம்! கூட்டேரிப்பட்டு பக்கம் நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடையில் லாரியைத் தூக்கும் ஜாக்கி பார்த்திருப்பீர்கள். அதே வகை ஜாக்கியை ஒரு இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தினால் கைப்பிரஸ் தயார். கையால் பம்ப் அடித்தே 12 டன், 20 டன்! உலகெங்கும் வீட்டில் பர்ஸ் செய்பவர்கள் பலர் தொடங்குவது இதில்தான்!

அதுவும் வேண்டாம் என்றால் சுத்தியல் டை இருக்கிறது. பெல்ட் நுனியை வளைவாக வெட்டவும், ஓட்டை போடவும் ஒரே அடி போதும். ஆனால் இரும்புச் சுத்தியல் ஆகாது. மரம் அல்லது பிளாஸ்டிக் சுத்தியல்தான். அப்போதுதான் டை பிழைக்கும்!

பெல்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் பெல்ட்டில் எத்தனை ஓட்டை என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் 5! கடைக்காரர் சொல்லும் பெல்ட் அளவு எதுவரை? நடு ஓட்டை வரை! ஒரு டையில் ஐந்து குழாய்க் கத்திகளைப் பொருத்திவிட்டால் ஐந்தும் ஒரே அமுக்கில் விழும், இடைவெளி மாறாமல்!

டையின் உயரம் எவ்வளவு தெரியுமா? தோல் வெட்டும் டைகளில் அதிகம் புழங்குவது 19 மில்லிமீட்டரும் 32 மில்லிமீட்டரும். பெரிய கத்தி என்று நினைத்தீர்களா? சுண்டு விரல் உயரம்கூட இல்லை!

சிவகாசிக்காரர்களுக்கு இது புதிதில்லை! அட்டைப்பெட்டி, லேபிள் எல்லாம் அங்கே டை கட்டிங்தான். பலகையில் எஃகுக் கோடுகளை நட்டு வைப்பார்கள். உலகில் பெரும்பாலும் அந்தக் கோட்டின் உயரம் 23.8 மில்லிமீட்டர்!

உங்கள் வீட்டு ஸ்டிக்கர் பொட்டும் டைக்குப் பிறந்ததுதான்! அதில் இன்னும் நுணுக்கம். மேல் வெல்வெட் வெட்டுப்பட வேண்டும், அடியில் இருக்கும் தாள் வெட்டுப்படக் கூடாது. வித்தியாசம் ஒரு மயிரிழை!

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. இடது காலுக்கு ஒரு டை, வலது காலுக்கு ஒரு டை என்று வாங்க வேண்டுமா? வேண்டாம்! டையின் மேல்விளிம்பையும் கூராக்கி விடுகிறார்கள். ஒரு பக்கம் வைத்தால் இடது கால். தலைகீழாகத் திருப்பிப் போட்டால் வலது கால்! இரும்பு ஒன்று, பாதம் இரண்டு! இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாராக இருந்தாலும் கைகூப்பலாம்!

அப்படியும் டை எத்தனை வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். ஒரு ஷூவின் மேல்பாகத்தில் 10 துண்டுகள் என்று வையுங்கள். 6ஆம் நம்பர் முதல் 11ஆம் நம்பர் வரை 6 சைஸ். ஆக ஒரே ஒரு மாடலுக்கு 60 டை! திருப்பிப் போடும் தந்திரம் இல்லாவிட்டால் 120!

ஒரே மாதிரி இருக்கும் 60 துண்டுகளில் எது 7, எது 8 என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? துண்டின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். குட்டி வெட்டுகள் இருக்கும்! டையிலேயே சின்னப் பள்ளம் வைத்துவிடுகிறார்கள். வெட்டின் எண்ணிக்கையும் இடமும்தான் சைஸ். தைப்பவர் அதைப் பார்த்தே பிரித்துவிடுவார். தையல் முடிந்ததும் அந்த வெட்டு உள்ளே மறைந்துபோகும்!

ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் நீள வித்தியாசம் எவ்வளவு? இங்கிலாந்துக் கணக்கில் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. வெறும் 8.47 மில்லிமீட்டர்!

பிரஸ்ஸை அமுக்குவதா கஷ்டம்? இல்லவே இல்லை! அது பட்டன் வேலை. டையை எங்கே வைப்பது என்பதில்தான் கைத்திறனே இருக்கிறது. ஒரு நல்ல கட்டர் வேலை செய்வதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். தோலை மேசையில் விரிப்பார். உள்ளங்கையால் தடவுவார். இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கில் ஒரு இழு, குறுக்கே ஒரு இழு. முள் கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட தழும்பு ஒன்றும் தப்பாது. எல்லாவற்றையும் சுற்றி வெள்ளிப் பென்சிலால் வட்டம். அதற்குப் பிறகுதான் முதல் டை கீழே இறங்கும்!

அந்த இழுப்பு எதற்குத் தெரியுமா? தோல் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நீளாது! முதுகெலும்பு வாக்கில் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தொளதொள. ஷூவின் முன்பாகத்துக்கு முதுகு-புட்டப் பக்கத் தோல். இறுக்கமான திசை விரலிலிருந்து குதிகாலுக்குப் போக வேண்டும். டையைக் குறுக்கே திருப்பி வைத்துவிட்டால்? ஷூ போட்ட சில நாளிலேயே அகலமாகிவிடும்!

வயிற்றுத் தோலைத் தூக்கி எறிவார்களா? எறியமாட்டார்கள்! ஷூவின் நாக்கு, உள்ளே மறையும் துண்டுகள் எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன!

இடது, வலது இரண்டும் தோலின் பக்கத்துப் பக்கத்து இடத்திலிருந்து வர வேண்டும். இல்லையென்றால் ஜோடியில் ஒன்று வெளிறியிருக்கும், ஒன்று கருத்திருக்கும். உங்கள் நல்ல ஷூ இரண்டும் ஒரே நிறமா? அப்படியானால் அவை ஒரே தோலில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தவையாக இருக்கலாம்!

டைகளை நெருக்கி நெருக்கி அடுக்குவது ஒரு தனிக் கலை. ஒரு நாளில் 1,000 சதுர அடி தோல் வெட்டும் இடத்தில் வெறும் 5 சதவீதம் மிச்சம் பிடித்தால் 50 சதுர அடி. ஆட்டுத்தோல் ஒன்று 5 சதுர அடி என்று வைத்தால், ஒரே நாளில் மிச்சமானது 10 ஆடுகளின் தோல்!

துணியைப் பல மடிப்பாக அடுக்கி ஒரே அமுக்கில் வெட்டலாம். தோலை? ஒவ்வொன்றாகத்தான்! ஏனென்றால் உலகத்தில் எந்த இரண்டு தோலிலும் தழும்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை!

மீந்த துணுக்குகளும் வீண் இல்லை. அரைத்து, பசை சேர்த்து, அழுத்தி லெதர் போர்டு ஆக்கிவிடுகிறார்கள். உங்கள் ஷூவின் குதிகாலுக்குள் அதுவே ஒளிந்திருக்கலாம்!

இயந்திரத்துக்கு விரல் என்றும் தோல் என்றும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் பல பிரஸ்களில் இரண்டு பட்டன். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ்ஸின் தலை இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்கு அடியில் எத்தனை கை? பூஜ்யம்!

டைக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பலகையும் ஒரு நாயகன்தான். நைலான் அல்லது பாலிபுரோப்பிலீன். கத்தி தோலைத் தாண்டி ஒரு இழை உள்ளே இறங்க இடம் கொடுக்கும். அடிக்கடி பலகையைத் திசை மாற்றி வைப்பார்கள், திருப்பிப் போடுவார்கள், தேய்ந்தால் சீவிச் சமப்படுத்துவார்கள். அது இல்லாமல் இரும்பில் இரும்பு பட்டால்? ஒரே அமுக்கில் டை காலி!

உங்கள் பர்ஸை எடுங்கள். ஏடிஎம் கார்டு, பான் கார்டு, 2017ல் வந்த நம் ஸ்மார்ட் ரேஷன் கார்டு. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். அச்சு அசலாக ஒரே அளவு! 85.6 மில்லிமீட்டர் நீளம், 53.98 மில்லிமீட்டர் அகலம். உலகம் பூராவும் இதே அளவு! அதனால்தான் மயிலத்தில் வெட்டிய கார்டு அறைக்குள் மலேசியாவின் கார்டும் நுழைகிறது!

கார்டு அறையின் உள்தோலை ஆங்கில ‘T’ எழுத்து வடிவத்தில் வெட்டுவார்கள். காதுகள் மட்டும் ஓரத் தையலில் மாட்டும். நாலு அறை வைத்தாலும் ஓரம் தடிக்காது! ஒரு டையின் வடிவத்தில் இவ்வளவு மூளை!

பர்ஸின் உயரத்தை நிர்ணயிப்பது யார்? ரிசர்வ் வங்கி! பழைய 500 ரூபாய் நோட்டின் அகலம் 73 மில்லிமீட்டர். 2016ல் வந்த புது 500 வெறும் 66. நோட்டு 7 மில்லிமீட்டர் இளைத்தது. பர்ஸும் இளைக்க வழி பிறந்தது!

இனி நம்ம ஊர்ப் பெருமை! 1978. ஆரோவில், புதுச்சேரிப் பக்கம். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய திலீப் கபூர் ஒரு குட்டித் தோல் பட்டறை போடுகிறார். மொத்தம் இரண்டே பேர்! அதுதான் இன்று உலகம் அறிந்த தோல்பொருள் நிறுவனம் ஹைடிசைன்! பளபளப்புப் பூச்சு இல்லாத, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். 1992ல் அவர்களின் பை ஒன்றுக்குப் பிரிட்டனில் ‘ஆண்டின் சிறந்த அக்சஸரி’ விருது! ஆரோவிலின் பெரும்பகுதி எந்த மாவட்டம் தெரியுமா? சாட்சாத் நம் விழுப்புரம்!

திண்டிவனத்தில் ஏறி வந்தவாசி வழியாகப் போனால் செய்யாறு. அங்கே சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமத்துத் தொழிற்சாலை. தயாராவது? நைக் ஷூ! வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள்!

2019-20 கணக்குப்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்களில் 43 சதவீதம் பேர் ஒரே மாநிலத்தில் இருந்தார்கள். எந்த மாநிலம்? தமிழ்நாடு! தட்டுங்கள் கையை!

2022 ஆகஸ்ட்டில் காலணி, தோல் பொருள்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது தமிழ்நாடு அரசு. இலக்கு? 2 லட்சம் வேலை!

குரோம்பேட்டையில் ரயில் நிற்கும்போது யோசித்ததுண்டா? சேம்பர்ஸ் என்பவர் 1912ல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனிதான் அந்த ஊருக்கே பெயர் வைத்தது!

குரோம் உப்பில் பதனிட்ட தோல் சாயம் ஏறுவதற்கு முன்னால் என்ன நிறம்? கறுப்பா, பழுப்பா? வெளிர் நீலம்!

அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வயது என்ன? பிறந்தது 1948 ஏப்ரல் 24. சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை!

ஒரு கால்பந்துக்கு எத்தனை டை வேண்டும்? பழைய கறுப்பு-வெள்ளைப் பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். 20 அறுகோணம், 12 ஐங்கோணம், மொத்தம் 32 துண்டு, 90 தையல் விளிம்பு. டை? இரண்டே இரண்டு! பந்து தயாரிக்கும் ஜலந்தரில் வெட்டும்போதே ஓரத்துத் தையல் ஓட்டைகளும் அதே அமுக்கில் விழுந்துவிடும்!

நல்ல கிரிக்கெட் பந்துக்கு அதைவிடக் குறைவு. நாலு துண்டுத் தோல். நாலும் ஒரே வடிவம். ஆக ஒரே ஒரு டை!

ஹவாய் செருப்பில்? ரப்பர் ஷீட்டின் மேல் டையை வைத்து ஒரு அமுக்கு. அடிப்பாகமும் வார் மாட்டும் ஓட்டைகளும் சேர்ந்தே வரும். ஒரு காலுக்கு 3, ஜோடிக்கு 6! ஒரு சின்ன அறை, ஒரு பிரஸ், நாலைந்து டை இருந்தால் தொழில் தொடங்கலாம். எத்தனையோ குடும்பங்கள் தொடங்கியும் இருக்கின்றன!

ஆயிரம் துண்டு ஜிக்சா புதிரை யார் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டுவது? யாருமில்லை! எஃகுக் கோடுகளைப் பின்னிய டை, ராட்சத பிரஸ், ஒன்றிரண்டு அமுக்கு. ஆயிரமும் முடிந்தது!

கடைசியாக ஒரு அதிசயம். உலகத்தின் மிகப் பழைய தோல் ஷூ 2008ல் அர்மேனியாவின் அரேனி குகையில் கிடைத்தது. வயது சுமார் 5,500 ஆண்டுகள்! டை இல்லை, பிரஸ் இல்லை. பாதம் முழுக்க ஒரே துண்டு மாட்டுத்தோல், தோல் கயிற்றில் முடிச்சு, உள்ளே புல் அடைத்திருந்தது. இன்றைய ஐரோப்பியக் கணக்கில் அதன் சைஸ் 37!