திறந்த கல்வி வளங்களும் தமிழாய்வு மாணவரும்: மதுரைத் திட்டத்தை முன்வைத்து

கட்டணமின்றிப் பெறவும் படியெடுக்கவும் பிறர்க்கு வழங்கவும் இசைவளிக்கப்பட்ட கல்விப் பொருள்களைத் திறந்த கல்வி வளங்கள் என்பர். இப்பெயர் 2002இல் யுனெஸ்கோ கூட்டிய அவையில் உருப்பெற்றது. தமிழில் அச்செயல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாட்டுத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் தரும் இலக்கியங்களை இலவசமாக வழங்கி வருகிறது. சங்கம் வளர்த்த நகரின் பெயர் பூண்ட இத்திட்டத்திற்கு அந்நகரில் ஒரு கட்டடமும் இல்லை என்பது சுவையான செய்தி.

தல்லாகுளத்தில் அறையெடுத்துப் பயிலும் ஆய்வு மாணவர் ஒரு சிற்றிலக்கியத்தின் பழம்பதிப்பைக் காண, நகருக்கு மேற்கே பல்கலை நகர் வரை சென்று, படி அங்கில்லையேல் சென்னைக்குப் பயணமாக வேண்டியிருந்தது. இன்று அந்நூலின் பாடம் கைப்பேசியிலேயே கிடைக்கக்கூடும். விடுதிக் கட்டணத்திற்கே திணறும் மாணவர்க்கு இது சிறு உதவியன்று.

ஆயினும் பெரும்பயன் தேடல் வசதியிலேயே உள்ளது, இடர்ப்பாடும் அங்கேதான். ‘மரம்’ எனத் தேடுவோர்க்கு ‘மரக்கிளை’யும் ‘மரங்க’ளும் அகப்படா. ‘மர’ எனச் சுருக்கினால் ‘மரபு’, ‘மரணம்’ ஆகியனவும் உடன்வரும். சீர்பிரித்து அச்சிட்ட செய்யுளில் வகையுளியால் பிளவுண்ட சொல் முழுச்சொல்லாகத் தேடும்போது தப்பிவிடும். எனவே, ‘இந்நூலில் இச்சொல் இல்லை’ எனத் தேடல் முடிவை மட்டும் நம்பி ஆய்வேட்டில் எழுதுதல் தகாது. இருப்பதைக் காட்டத் தேடல் போதும். இல்லாமையை நிறுவ நூலை முழுதும் படித்தாக வேண்டும்.

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நிலைக்கும். 1942இல் மறைந்த உ.வே.சாமிநாதையரின் எழுத்துகள் 2003 முதல் பொதுவாயின. அண்மைக்கால உரையாசிரியர் பலரின் உரைகள் அவ்வாறல்ல. அரசு நாட்டுடைமையாக்கியவை மட்டுமே விலக்கு. இதனால் மூலம் எளிதில் கிடைக்க, புதிய உரை கிடைக்காமற் போகிறது. இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறந்த வளமாகிவிடாது என்பதையும் மாணவர் மறந்துவிடுகின்றனர்.

மதுரைத் திட்டக் கோப்புகளைப் பகிர்வோர் முகப்புப் பக்கத்தை நீக்கலாகாது என்பது நிபந்தனை. தட்டச்சு செய்தோர், மெய்ப்புப் பார்த்தோர் ஆகியோர்க்குரிய நன்றி அங்கேயே பதிவாகிறது. பாடலை மட்டும் வெட்டி ஒட்டும் மாணவர் இழப்பதும் அப்பக்கத்தையே. மின்பாடத்தில் அச்சுநூலின் பக்க எண் பெரும்பாலும் இராது, பாடவேறுபாடுகளும் விடுபடலாம். ஆதலின் மின்பாடத்தில் கண்ட அடியை அச்சுப்பதிப்போடு ஒப்பிட்டு, பார்த்தவை இரண்டையும் அடிக்குறிப்பில் சுட்டுவதே முறை.