வண்ண மீன் அனுப்பும் பை: சிக்கனம் காட்டும் இடம் இதுவல்ல

மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்த வண்ண மீன்கள் ஒரே இரவில் வீணாகிவிடலாம். அது நடப்பது பெரும்பாலும் தொட்டியில் அல்ல, சந்தைக்கு அனுப்பும் பையில்.

கிணற்றடித் தொட்டியில் கப்பி, மோலி வளர்க்கத் தொடங்கிய ஒரு விவசாயத் தம்பதி, சென்னை கொளத்தூர் சந்தைக்கு இரவுப் பேருந்தில் பத்துப் பைகள் அனுப்பினர். காலையில் பார்த்தபோது மூன்று பைகளில் தண்ணீர் வடிந்திருந்தது. இரண்டில் மீன்கள் இறந்து மிதந்தன. 'ஏதாவது நோயா?' என்று கேட்டு வந்தார்கள். மீதமிருந்த வெற்றுப் பையை வாங்கிக் கசக்கிப் பார்த்தேன். சரசரவென்று சத்தம் வந்தது. கடையில் சாமான் போட்டுத் தரும் மெல்லிய பை அது. பைக்குச் சில ரூபாய் மிச்சம். போனதோ பாதிச் சரக்கு.

எந்தப் பை வாங்குவது?

மீன் அனுப்ப ஏற்றது எல்.டி.பி.இ. எனப்படும் மிருதுவான பாலிதீன் பை. கசக்கினால் அதிகம் சத்தம் வராது. இழுத்தால் கொஞ்சம் நீளும். சரசரக்கும் பையில் சிறு கீறல் விழுந்தாலும் நீளமாகக் கிழிந்துவிடும்.

நிறமற்ற, வாடையில்லாத புதிய பையாக இருக்க வேண்டும். மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்த பையும், உரம், பூச்சிமருந்து வைத்த அறையில் கிடந்த பையும் வேண்டாம். ஒருமுறை மீன் அனுப்பிய பையை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

தடிமனைக் கடைகளில் கேஜ் அல்லது மைக்ரான் கணக்கில் சொல்வார்கள். 100 கேஜ் என்பது ஏறக்குறைய 25 மைக்ரான். சிறிய மீன்களுக்கு 200 கேஜ் (50 மைக்ரான்), பெரிய மீன்களுக்கு 300 கேஜ் (75 மைக்ரான்) என்று கேட்டு வாங்கலாம். எந்த மீனானாலும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை போடுவது நல்லது.

ஒவ்வொரு கட்டு வாங்கியதும் இரண்டு மூன்று பைகளில் தண்ணீர் நிரப்பி, வாயைக் கட்டி அழுத்திப் பாருங்கள். அடித் தையலில் ஈரம் கசிந்தால் கட்டையே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மூலையில் சிக்கும் குஞ்சுகள்

பையின் அடியில் இரு பக்கமும் கூரான மூலைகள் இருக்கும். வண்டி குலுங்கும்போது சிறிய மீன்கள் அங்கே ஒதுங்கி, நசுங்கி இறக்கும். ஒன்று இறந்து அழுகினால் பையிலுள்ள தண்ணீர் முழுவதும் கெட்டுவிடும். எனவே உள்பையின் இரு மூலைகளையும் மடித்து, தனித்தனியாக ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிவிட வேண்டும். அடிப்பகுதி உருண்டையாகிவிடும்.

தண்ணீர் குறைவு, ஆக்சிஜன் கூடுதல்

தண்ணீர் நிறைய இருந்தால் மீனுக்கு நல்லது என்று நினைப்பது தவறு. பையில் ஒரு பங்கு தண்ணீரும் இரண்டு பங்கு ஆக்சிஜனும் இருக்க வேண்டும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதமே உள்ளது. அதனால் காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, சிலிண்டரிலிருந்து ஆக்சிஜனை நிரப்ப வேண்டும். வாயை முறுக்கி மடித்து, இரண்டு ரப்பர் பேண்டு போடுங்கள்.

பையின் அகலம் மீனின் நீளத்தைப்போல் இரு மடங்காவது இருக்கட்டும். மூலை கட்டிய நீளமான பையைப் பெட்டியில் படுக்கவைத்தால் நீர்ப்பரப்பு அகலமாகும். ஆக்சிஜன் எளிதில் கரையும். விமானத்தில் அனுப்பும் பையை விறைப்பாக ஊதக் கூடாது. மேலே காற்றழுத்தம் குறையும்போது பை உப்பி வெடிக்கலாம்.

மீனுக்கு ஏற்ற பை

கெளுத்தி வகை மீன்களின் துடுப்பு முள் பையைக் குத்திவிடும். இரண்டு பைகளுக்கு நடுவே செய்தித்தாளைச் சுற்றி, மூன்றாவது பையும் போடுங்கள். ஆண் ஃபைட்டர் மீன்கள் ஒன்றையொன்று கடிக்கும். சிறிய பையில் ஒன்று ஒன்றாகவே அனுப்ப வேண்டும். இவை மேலே வந்து காற்றைச் சுவாசிப்பவை என்பதால் பையில் காற்றுக்கு இடம் தேவை.

வாயுக்கள் ஊடுருவும் 'சுவாசப் பை' என்ற வகையும் உண்டு. அதில் காற்றிடமே இல்லாமல் தண்ணீரை நிரப்பிக் கட்ட வேண்டும். ஆக்சிஜன் நிரப்பினாலும், வெளியே இன்னொரு பை போட்டாலும் பயன் போய்விடும். ஃபைட்டருக்கும், முள் உள்ள மீன்களுக்கும் இது ஏற்றதல்ல.

பட்டினி அவசியம்

எவ்வளவு நல்ல பையானாலும் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தடுக்காது. அனுப்புவதற்கு முன் 24 மணி நேரமும், பெரிய மீன்களுக்கு 48 மணி நேரமும் தீவனத்தை நிறுத்துங்கள். சினை மீன்களை அனுப்ப வேண்டாம். பைகளைத் தெர்மாகோல் பெட்டியில் அசையாமல் அடுக்கி, கோடையில் செய்தித்தாளில் சுற்றிய ஐஸ் பாட்டில் ஒன்றையும் வையுங்கள்.

திறக்கும்போது கவனம்

பயணத்தில் மீன்கள் வெளிவிடும் கரியமில வாயுவால் தண்ணீரின் பி.எச். குறைந்திருக்கும். அந்த நிலையில் அம்மோனியாவின் நச்சுத்தன்மை குறைவு. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பி.எச். உயரும், அம்மோனியா கடும் நச்சாகும். எனவே வாங்குபவரிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்: கட்டிய பையை 15 முதல் 20 நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட வேண்டும். திறந்த பிறகு தாமதிக்காமல் மீன்களை வலையால் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

சோதனைப் பை

எத்தனை மீன் போடலாம் என்பது மீனின் அளவு, வெப்பம், பயண நேரத்தைப் பொறுத்தது. இரவுப் பயணத்துக்குத் தொடக்கத்தில் லிட்டருக்கு 15 கப்பி போதும். முதன்முறை சரக்கு அனுப்பும் முன், அதேபோல் ஒரு பை கட்டி வீட்டிலேயே வையுங்கள். பயணம் 10 மணி நேரம் என்றால் 15 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். மீன்கள் துள்ளினால் அடுத்த முறை எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டலாம். சோர்ந்திருந்தால் குறைக்க வேண்டும்.

அந்தத் தம்பதியும் இப்படி ஒரு பை கட்டி வைத்துப் பார்த்த பிறகே அடுத்த சரக்கை அனுப்பினர். பத்துப் பைகளும் கசியாமல் போய்ச் சேர்ந்தன.