கொலுசுக்கு இடமில்லாத கால்கள்

தட்டியைத் திறந்ததும் தலைக்கு முன்னால் கால் வந்தது! முட்டியிலிருந்து விரல் நுனி வரை புசுபுசுவென இறகு. எழுபதுகளின் பெல்பாட்டம் பேன்ட் போட்ட கதாநாயகன் மாதிரி தரையைக் கூட்டிக்கொண்டே நடந்து வருகிறது ஒரு பிரம்மா சேவல். உடம்பு வெள்ளை, கழுத்தில் கறுப்புக் கோடுகள், வால் கறுப்பு. ஒவ்வொரு அடிக்கும் கால் இறகு விசிறி விரிந்து மூடுகிறது. ஐயோ, என்ன நடை!

சத்தியமங்கலத்தில் பவானி ஆற்றை ஒட்டிய ஒரு சம்பங்கித் தோட்டத்தின் பின்கட்டு இது. ஊர் விடிகாலையில் பூ மார்க்கெட்டுக்கு ஓடுகிறது. நான் இங்கே ஓடி வந்துவிட்டேன். பேன்சி கோழி வளர்ப்பவர்கள் கோழியைப் படம் பிடித்து ஊருக்கே காட்டுவார்கள். கொட்டகையின் உள்பக்கத்தை மட்டும் காட்டுவதில்லை. இந்தக் கோழிகளை வளர்க்கும் அம்மா காட்டச் சம்மதித்ததே பெரிய விஷயம். வாசலிலேயே ஒரு நிபந்தனை: "செருப்பைக் கழட்டிட்டு, அந்தச் சுண்ணாம்புத் தூள்ல காலை மிதிச்சுட்டு உள்ள வா கண்ணு. வேற எந்தக் கோழிப் பண்ணைக்கும் போயிட்டு வரலயே?"

இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு நுழைந்தேன்.

உள்ளே மூன்று சாதி. பிரம்மாவை முதலில் பார்த்தாயிற்று; சேவல் முழுதாக வளர்ந்தால் 5 கிலோவைத் தாண்டும். அடுத்தது கொச்சின் பேண்டம். உருண்டையான குட்டை உடம்பு, கால் எங்கே முடிகிறது, தரை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. மூன்றாவது சில்கி. பஞ்சுப் பொதிக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் கறுத்த முகம். காலில் இறகும் உண்டு, வழக்கமான நான்குக்குப் பதிலாக ஐந்து விரலும் உண்டு. மூன்றும் சீனத்தோடு தொடர்புள்ளவை. பிரம்மாவின் முன்னோர்கள் 1840-களில் ஷாங்காய்த் துறைமுகத்திலிருந்து அமெரிக்கா போய், அங்கே இன்றைய வடிவம் பெற்றார்கள். பெயரை மட்டும் நம் பிரம்மபுத்திராவிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1852-ல் ஜார்ஜ் பர்னம் என்ற அமெரிக்க வியாபாரி அந்த ரகத்தில் ஒன்பது கோழிகளை விக்டோரியா மகாராணிக்கே பரிசாகக் கப்பலேற்றினார். அதன் பிறகு பணக்காரர்கள் கோழிக்குக் கொட்டிய காசுக்கு அளவில்லை. அந்தக் காலத்துக்குப் பெயரே 'கோழிக் காய்ச்சல்'!

இந்தக் கோழிகளைப் பார்த்தால் அந்தக் காய்ச்சல் எனக்கும் தொற்றுகிறது. ஆனால் அம்மா என்னைக் கோழி பார்க்க விடவில்லை. "தரையைப் பாரு" என்றார்.

நன்றாகக் காயவைத்த தென்னை நார்க்கழிவு அரையடி உயரத்துக்குப் பரப்பியிருக்கிறது. தினமும் காலையில் அதைக் கிளறி விடுவதுதான் முதல் வேலை, தீனி அப்புறம்தான். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விரித்தார். பொலபொலவென்று உதிர்ந்தது. உதிராமல் கட்டியாக நின்றால் அந்த இடத்தில் ஈரம் ஏறியிருக்கிறது. உடனே அள்ளிக் கொட்டிவிட்டுப் புதுசு போடவேண்டும். நாட்டுக்கோழி சேற்றில் நடந்தால் காலை உதறிவிட்டுப் போய்விடும். இறகுக்கால் கோழி சேற்றைச் சுமந்துகொண்டே திரியும். தண்ணீர்த் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருப்பதும், சுற்றிலும் கம்பிவலைப் பலகை போட்டிருப்பதும் அதற்காகத்தான்.

அடுத்து நடந்தது இந்தக் கொட்டகையின் ரகசியக் காட்சி. சேவலைப் பிடித்து மடியில் ஒருக்களித்து உட்காரவைத்தார். முந்தானையால் கண்ணை மறைத்ததும் அந்த ராஜா அப்படியே அடங்கிவிட்டார்! நடுவிரலுக்கும் வெளிவிரலுக்கும் நடுவே எச்சமும் மண்ணும் சேர்ந்து காய்ந்து, நெல்லிக்காய் அளவு உருண்டை. நான் கையை நீட்டியதும் அம்மா தட்டிவிட்டார். "பிச்சா இறகோட தோலும் வந்துரும் சாமி." வெதுவெதுப்பான தண்ணீர்ச் சட்டியில் காலை ஊறவிட்டார். சிறிது நேரத்தில் உருண்டை தானாகக் கரைந்து தண்ணீர் பழுப்பாயிற்று. துணியால் ஒற்றி எடுத்து, ஒவ்வோர் இறகாக விரித்துக் காட்டினார். சில இறகுகளின் அடித்தண்டு கருநீலமாக இருந்தது. புதிதாக முளைப்பவை, உள்ளே ரத்தம் ஓடும். அவை ஒடிந்தால் ரத்தம் கசியும், சிவப்பைப் பார்த்ததும் மற்ற கோழிகள் அங்கேயே கொத்தும். அதனால் காயம் பட்ட கோழிக்கு மஞ்சள்தூள் வைத்து உடனே தனிக்கூண்டில் போட்டுவிடுகிறார்.

இறகை ஒதுக்கி அவர் தேடியது இன்னொன்று: செதில். நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி கால் செதிலுக்கு அடியில் புகுந்து குடியேறும். செதில்கள் தூக்கிக்கொண்டு, சொரசொரவென வெள்ளையாகப் படரும். விட்டுவிட்டால் கோழி நொண்டும். வெறுங்கால் கோழியில் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். இங்கே இறகு மறைத்துவிடுகிறது, முற்றின பிறகுதான் தெரியும். அதனால் வாரம் ஒருமுறை எல்லாக் கால்களையும் விரல்விட்டுத் தடவிப் பார்க்கிறார். சந்தேகம் என்றால் எண்ணெய் பூசி உண்ணியை மூச்சுத் திணறவைப்பார், கேட்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவார்.

சரி, காலில் எதற்கு இறகு? இதைத் தெரிந்துகொண்டபோது நான் துள்ளிக் குதித்துவிட்டேன். முட்டைக்குள் கரு வளரும்போது சிறகை அமைக்க டிபிஎக்ஸ்5 என்ற மரபணுவும், காலை அமைக்க பிட்எக்ஸ்1 என்ற மரபணுவும் வேலை செய்கின்றன. இறகுக்கால் பறவைகளில் சிறகின் மரபணு காலிலும் எட்டிப்பார்க்கிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 2016-ல் புறாக்களில் இதை நிரூபித்தார்கள்; கோழிகளிலும் இதே இரண்டு மரபணுக்களின் விளையாட்டுதான் என்று பின்னர் தெரிந்தது. இந்தச் சேவல் காலில் சிறகின் சாயலைச் சுமந்துகொண்டு நடக்கிறது! குஞ்சு பொரிந்த முதல் நாளே காலில் பூமயிர் தெரிந்துவிடும். அம்மா ஒரு குஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தபோது அந்தக் குட்டிக் கால் என் தோலில் கூசியது.

இறகுக்கு அடியில் தெரிந்த மஞ்சள் தோலுக்கும் ஒரு கதை உண்டு, அது சத்தியமங்கலத்துக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய கதை. வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. மஞ்சள் தோல் மட்டும் அதனிடமிருந்து வரவில்லை, சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் கண்டுபிடித்தார்கள். சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவில் மட்டுமே வாழும் பறவை. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில், திம்பம் மலைப்பாதைப் பக்கம், விடியலில் அது கூவுவதைக் கேட்கலாம். உலகம் சுற்றிவிட்டு வந்த பிரம்மாவின் காலில் நம் காட்டின் சொத்து இருக்கிறது.

இவ்வளவு அழகுக்கும் கொங்கு வெயில் பெரிய எதிரி. கோழிக்கு வியர்வை கிடையாது. கொண்டை, தாடை, வெறுங்கால் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும், அதற்கும் மேலே என்றால் வாயைத் திறந்து இரைக்கும். பிரம்மாவுக்குக் கொண்டையும் சிறிது, காலும் மூடியிருக்கிறது. சித்திரை, வைகாசியில் தண்ணீர் தெளித்தே ஆகவேண்டும். ஆனால் தரை நனையக்கூடாது! இந்தச் சிக்கலை அம்மா அவிழ்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கூரைத் தகரத்தின் மேல் தென்னங்கீற்று, அதன் மேல் சாக்கு. மதியத்தில் சாக்கை மட்டும் நனைக்கிறார். வழியும் தண்ணீர் வெளிப்பக்க வாய்க்காலில் ஓடி வாழைக்குப் போகிறது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

சில்கிகளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: அடைகாப்பது. அதில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. கினிக்கோழி முட்டையோ வாத்து முட்டையோ, எதைக் கொடுத்தாலும் உட்காரும். பிரம்மா பெட்டையை அடை வைக்க அம்மாவுக்குத் தயக்கம். கனத்தில் முட்டை உடைந்துவிடுகிறதாம். சில்கியின் இறகுக்கு மழைநீரைத் தடுக்கும் திறன் கிடையாது, நனைந்தால் ஊறிவிடும். அதனால் ஐப்பசி மழை வந்தால் சில்கிகளுக்கு வெளியே விடுதலையே இல்லை. சில்கியின் கறுப்புத் தோலும் கடக்நாத் கோழியின் கறுப்பும் ஒரே மரபணு மாற்றத்தால் வந்தவை என்பது தனி ஆச்சரியம்.

ஆசை வந்துவிட்டதா? வரட்டும். ஒரு வார்த்தை மட்டும். பிரம்மா சேவலை நாட்டுப்பெட்டையோடு சேர்த்தால் பிறக்கும் குஞ்சின் காலிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இறகு இருக்கும்; சந்தையில் அதையும் பிரம்மா என்றே சொல்லி விற்பார்கள். புளியம்பட்டி வியாழக்கிழமைச் சந்தையோ வேறெங்கோ, வாங்கும் முன் கோழியைத் தூக்கிப் பாருங்கள். வெளிவிரலும் நடுவிரலும் இறகால் நிறைந்திருக்கின்றனவா, அடியில் செதில் படிந்து வழவழப்பாக இருக்கிறதா என்று விரலால் ஒதுக்கிப் பாருங்கள். வாங்கியதைச் சில வாரம் தனியே வைத்துப் பிறகு கூட்டத்தில் விடுங்கள். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இலவசமாகப் போடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், மழைக்காலம் தாண்டித் தை பிறக்கட்டும். முதலில் காய்ந்த தரையைத் தயார் செய்யுங்கள். கோழியை அப்புறம் வாங்குங்கள்.