சங்ககிரிப் பக்கத்திலிருந்து ஒரு மோகனா

சேலத்திலிருந்து ஈரோட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் சங்ககிரி மலையைப் பார்க்காமல் இருக்க முடியாது. அடுத்த முறை போகும்போது கட்டுச்சாத மூட்டையைச் சற்று ஒதுக்கிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்புங்கள். அந்தப் பக்கத்து அக்கமாபேட்டைதான் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தை 1968-ல் எடுத்த ஏ. பி. நாகராஜன் பிறந்த ஊர். அவர் பெயரின் 'ஏ' அந்த ஊர்தான்!

சிறு வயதில் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பெண் வேஷம் கட்டியவர் அவர். அந்த அனுபவம் வீண்போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தூணுக்குப் பின்னால் ஒளிந்து பார்க்கும் சிக்கல் சண்முகசுந்தரத்தை, ஆடிக்கொண்டே மோகனா கண்டுகொள்கிறாளே, ஞாபகமிருக்கிறதா?

கதை, கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர். கோபுலு வரைந்த மோகனாவைப் பார்த்துப் பழகிய கண்களுக்குப் பத்மினியைக் காட்டித் திருப்தி செய்வதென்றால் சாமான்யமா!

மோகனாவின் தாயார் வடிவாம்பாளை நாம் எல்லோரும் திட்டியிருக்கிறோம். பெண் நாதஸ்வர வித்வானை விரும்ப, தாயார் மிட்டாதாரையும் மகாராஜாவையும் தேடுகிறாளே என்று. ஆனால் சற்று யோசியுங்கள். ஆட்டக்காரப் பரம்பரையில் பிறந்தவளுக்கு வயதான காலத்தில் சோறு போட யார் இருந்தார்கள்? பெரிய மனிதரின் தயவு ஒன்றுதான் அவள் அறிந்த வழி. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைச் சென்னை மாகாணச் சட்டம் தடுத்ததே 1947-ல்தான். 'கலையும் வேண்டும், கௌரவமான கல்யாணமும் வேண்டும்' என்று மோகனா பிடிவாதம் பிடிப்பது அந்த வீட்டில் புதுமை. அதற்காகப் பெற்ற தாயோடு மல்லுக்கு நிற்கிறாள்.

எனக்குக் கோபமெல்லாம் சண்முகசுந்தரத்தின் மேல்தான். வாசிப்பில் சிங்கம், சந்தேகத்தில் குழந்தை! போட்டி மேடையில் 'தில்லானா' பட்டம் கொடுத்தவருக்கு, அவள் மனசை நம்ப மட்டும் எவ்வளவு நாள் ஆகிறது! சிவாஜி அதை மறைக்காமல் நடித்திருக்கிறார். மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாயனம் கேட்கும்போது மட்டும் அவரை மன்னித்துவிடலாம் போலிருக்கிறது.

பத்மினி 1961-லேயே ஒரு டாக்டரை மணந்துகொண்டு அமெரிக்கா போனவர். திரும்பி வந்துதான் மோகனாவாக ஆடினார். பிறகு 1977-ல் நியூஜெர்ஸியில் நாட்டியப் பள்ளி ஆரம்பித்து, அங்கே வளர்ந்த நம் பெண் குழந்தைகளுக்குத் தாமே சலங்கை கட்டிவிட்டார்.