சத்தம் கூடினால் பிசிறும் சிப்: 5ஜி வேகத்துக்குத் தடை போடுவது எது?

திருவிழாவில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். அளவான சத்தத்தில் பாட்டு தெளிவாகக் கேட்கும். வால்யூமை முழுசாகத் திருகினால் சத்தம் ஏறும். ஆனால் ஒரு வார்த்தை புரியாது. கிட்டத்தட்ட இதே சிக்கல்தான் அதிவேக 5ஜி சிப்புகளுக்குள்ளும் இருக்கிறது.

எங்கே பிசிறுகிறது?

26, 28, 39 கிகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளை 'மில்லிமீட்டர் அலை' என்கிறார்கள். இவற்றில் வேகம் அதிகம். ஆனால் சுவர், மரம், ஏன், போனைப் பிடித்திருக்கும் கை மறைத்தால்கூட சிக்னல் சரியும். அதனால் சிக்னலைப் பலமாக அனுப்ப வேண்டும். அந்த வேலையைச் செய்வது டிரான்ஸ்மிட்டர் சிப்பின் கடைசிக் கட்டமான பவர் ஆம்ப்ளிஃபையர்.

உள்ளே போகும் சிக்னல் இரட்டிப்பானால், வெளியே வருவதும் இரட்டிப்பாக வேண்டும். இதுதான் 'லீனியாரிட்டி', அதாவது நேர்விகிதத் தன்மை. உச்சத்தை நெருங்கும்போது டிரான்சிஸ்டரால் ஈடுகொடுக்க முடியாது. அலை மழுங்கும், அதன் கட்டமும் நகரும்.

அதனால் என்ன நஷ்டம்?

'256-க்யூஏஎம்' முறையில் ஒவ்வொரு குறியீடும் 8 பிட் தகவலைச் சுமக்கிறது. 256 புள்ளிகளும் நெருக்கமாக இருப்பதால், கொஞ்சம் விலகினாலே ரிசீவர் பக்கத்துப் புள்ளி என்று தப்பாகப் படித்துவிடும். இந்த விலகல் 3.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது 3ஜிபிபி தரநிலை. தாண்டினால், 8 சதவீதம் வரை பொறுக்கும் 64-க்யூஏஎம் முறைக்கு இறங்க வேண்டும். வேகம் குறையும்.

பவரைக் குறைத்தால் போதாதா?

பிசிறு குறையும்தான். ஆனால் ஆம்ப்ளிஃபையர் சிக்கனமாக ஓடுவது உச்சத்துக்குப் பக்கத்தில் மட்டுமே. கீழே இறக்கினால், பேட்டரியின் பெரும்பங்கு சூடாகவே வீணாகும்.

என்ன செய்கிறார்கள்?

சிக்னலை முன்கூட்டியே எதிர்த்திசையில் வளைத்து அனுப்புவது ஒரு வழி. வழக்கமான செல்போன் டவர்களில் இது பழகிய முறை. மில்லிமீட்டர் அலையிலோ ஒரே பேனலில் ஏராளமான ஆண்டெனாக்கள்; பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப்ளிஃபையர். எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டால், மிச்சப்படுத்திய மின்சாரம் அந்தக் கணக்குக்கே போய்விடும்.

ஆகவே சிப்புக்குள்ளேயே சரிசெய்யப் பார்க்கிறார்கள். சிக்னல் வலுக்கும்போது என்மாஸ் டிரான்சிஸ்டரின் உள்ளீட்டு மின்தேக்கம் கூடும், பிமாஸில் குறையும். இரண்டையும் இணையாகப் போட்டால் ஒன்றின் தவறை மற்றொன்று ஈடுகட்டும்.

இன்னொன்று, 1936-இல் பெல் லேப்ஸ் பொறியாளர் வில்லியம் டோஹர்ட்டி வானொலிக்காக உருவாக்கிய யோசனை. ஒரு ஆம்ப்ளிஃபையர் எப்போதும் ஓடும். சிக்னல் உச்சத்துக்குப் போனால் மட்டும் இரண்டாவது கைகொடுக்கும். இதனால் பவரைக் குறைத்து ஓட்டினாலும் வீணாவது குறைவு.

எதுவும் இலவசமில்லை. பிமாஸ் சேர்த்தால் பெருக்கம் குறையும். டோஹர்ட்டிக்கு சிப்பில் இடம் அதிகம் வேண்டும். எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற அந்தக் கணக்கைப் பொறுத்தே உங்கள் போனின் அப்லோட் வேகமும் சூடும் அமைகின்றன.