இரண்டே ஆண்டு வாழ்ந்த பந்தயம்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஒரு பந்தயம் நடந்தது. ஆடியவர்கள் எல்லோரும் கல்லூரி மாணவிகள். அந்தப் பந்தயம் பிறப்பதற்கு 36 ஆண்டுகள் ஆயின. பிறந்த பின் அது வாழ்ந்ததோ இரண்டே ஆண்டு!

அதன் முடிவுக்கு அந்த மாணவிகள் காரணம் அல்ல. அவர்கள் ஆடாத வேறோர் ஆட்டம்தான் காரணம். அந்தக் கதை இது.

மெத்தென்று இல்லாத பந்து

அவர்கள் ஆடியது "சாப்ட்பால்" என்ற ஆட்டம். "சாப்ட்பால்" என்றால் "மெத்தென்ற பந்து" என்று பொருள். பெயர்தான் அப்படி. பந்து கெட்டியாக இருக்கும். அதன் சுற்றளவு 30 சென்டி மீட்டர். கிரிக்கெட் பந்தைவிடப் பெரியது.

ஒரு கோஷ்டிக்கு 9 பேர். பந்து போடுகிறவள் கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் வீசக் கூடாது. கையைக் கீழே சுழற்றித்தான் வீச வேண்டும். அப்படி வீசினாலும் பந்து மின்னல் போலப் பறக்கும். 43 அடி தூரத்தில் நிற்பவள் அதைக் கட்டையால் அடிக்க வேண்டும். அடித்ததும் ஓட வேண்டும். மூன்று முனைகளைத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம்.

இந்த ஆட்டம் 1887-ம் ஆண்டு சிகாகோ நகரில் விளையாட்டாகப் பிறந்தது. ஒரு படகுச் சங்கத்தில் சில வாலிபர்கள் கூடியிருந்தார்கள். குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டினார்கள். அதுதான் பந்து! துடைப்பக் கம்புதான் மட்டை!

பெண்களுக்கு வழி திறந்த சட்டம்

ஆண்கள் தொடங்கிய ஆட்டம், பிறகு கல்லூரிப் பெண்களின் ஆட்டமாக வளர்ந்தது. அதற்குத் துணை நின்றது ஒரு சட்டம்.

1972-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி அமெரிக்காவில் அந்தச் சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் பெறும் கல்வி நிலையம் எதுவும், ஆண், பெண் என்று வேறுபாடு காட்டக் கூடாது என்று அது கூறியது. விளையாட்டுக்கும் அந்தச் சட்டம் பொருந்தியது. கல்லூரிகளில் பெண்கள் கோஷ்டிகள் பெருகின.

1982-ம் ஆண்டு, தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கு சாப்ட்பால் தேசியப் போட்டியை ஆரம்பித்தது. முதல் பட்டத்தை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக் கழகம் தட்டிச் சென்றது.

ஒன்பது கோஷ்டிகள்

அமெரிக்காவில் பல்கலைக் கழகங்கள் பத்து, பன்னிரண்டாகச் சேர்ந்து கூட்டமைப்பு வைத்துக்கொள்கின்றன. ஒரு கூட்டமைப்பில் உள்ளவர்கள் ஆண்டுதோறும் தங்களுக்குள் மோதுவார்கள்.

மேற்குப் பகுதியில் இருந்த கூட்டமைப்பின் பெயர் "பசிபிக்-12". அதில் 9 பல்கலைக் கழகங்கள் சாப்ட்பால் ஆடின. லாஸ் ஏஞ்சல்ஸ், பெர்க்லி, ஸ்டான்போர்டு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், ஆரிகன், ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன், யூட்டா ஆகியவையே அவை.

இவர்களின் பெருமையைக் கேளுங்கள்:

லாஸ் ஏஞ்சல்ஸ் 12 முறை தேசியப் பட்டம் பெற்றது. அரிசோனா 8 முறை பெற்றது. அரிசோனா ஸ்டேட் 2 முறை. பெர்க்லியும் வாஷிங்டனும் ஒவ்வொரு முறை. மொத்தம் 24 பட்டங்கள்!

இவ்வளவு இருந்தும் ஒரு குறை. இவர்களுக்கென்று இறுதிப் போட்டி கிடையாது. 1987-ம் ஆண்டு முதல் இந்தக் கூட்டமைப்பில் பெண்கள் சாப்ட்பால் நடந்து வந்தது. பருவம் முழுவதும் நடக்கும் ஆட்டங்களில் அதிகமாக ஜெயித்தவர்களுக்கே பட்டம். மற்றக் கூட்டமைப்புகள் பலவும் அப்படி இல்லை. தென்கிழக்குக் கூட்டமைப்பு 1997-ம் ஆண்டிலேயே இறுதிப் போட்டியைத் தொடங்கிவிட்டது.

தோற்றால் வீடு திரும்ப வேண்டும் என்ற போட்டியில் ஒரு தனி ருசி உண்டு. பருவம் முழுவதும் பின்தங்கியவர்கள்கூட, நான்கு நாளில் தலை நிமிரலாம்!

யூட்டாவின் வெற்றி

2023-ம் ஆண்டு மே மாதம் அந்த நாள் வந்தது. அரிசோனா மாநிலத்தில் டூசான் நகர மைதானத்தில் முதல் இறுதிப் போட்டி நடந்தது.

பருவம் முழுவதும் முதலிடத்தில் இருந்த லாஸ் ஏஞ்சல்ஸ்தான் ஜெயிக்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால், கடைசி ஆட்டத்தில் அதை யூட்டா தோற்கடித்தது! தேசியப் பட்டம் ஒன்றுகூடப் பெறாத கோஷ்டி அது.

அதோடு நிற்கவில்லை. ஓக்லகோமா நகரில் நடந்த தேசியப் போட்டியின் கடைசிக் கட்டத்துக்கும் யூட்டா முன்னேறியது. 1994-ம் ஆண்டுக்குப் பிறகு அங்கே அது கால் வைத்தது அதுவே முதல் தடவை. லாஸ் ஏஞ்சல்ஸோ, தன் சொந்த மைதானத்தில் நடந்த முதல் கட்டத்திலேயே தோற்று வெளியேறியது.

வீட்டைப் பிரித்த டெலிவிஷன் பணம்

ஆனால் அந்த வீட்டின் சுவரில் ஏற்கனவே விரிசல் விழுந்திருந்தது.

அமெரிக்கக் கால்பந்து என்று ஓர் ஆட்டம் உண்டு. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் முரட்டு ஆட்டம் அது. டெலிவிஷன் கம்பெனிகள் அதற்குக் கோடிக்கணக்கான டாலர்களைக் கொட்டுகின்றன. அந்தப் பணம் எந்தக் கூட்டமைப்பில் அதிகம் கிடைக்குமோ, அங்கே போகப் பல்கலைக் கழகங்கள் விரும்பின.

2022-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் விலகுவதாக அறிவித்தது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி ஒரே நாளில் ஆரிகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஆகிய ஐந்தும் விலகுவதாகச் சொல்லிவிட்டன. அடுத்த மாதம் ஸ்டான்போர்டும் பெர்க்லியும் வேறு இடம் தேடிக்கொண்டன.

சாப்ட்பால் மாணவிகளுக்காக யாரும் விலகவில்லை. கால்பந்து போன வழியே அவர்களும் போக வேண்டியதாயிற்று.

கடைசிப் போட்டி

2024-ம் ஆண்டு மே மாதம், ஸ்டான்போர்டில் இரண்டாவது இறுதிப் போட்டி நடந்தது. அதுவே கடைசி என்பது ஆடியவர்களுக்கும் தெரியும், பார்த்தவர்களுக்கும் தெரியும். இந்த முறை பட்டம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிடைத்தது.

அந்தக் கோடையிலேயே குடும்பம் கலைந்தது. ஒன்பது கோஷ்டிகளில் மிஞ்சியது ஆரிகன் ஸ்டேட் ஒன்றுதான். ஒரே கோஷ்டி தனக்குத்தானே போட்டி நடத்த முடியுமா? அதுவும் வேறொரு கூட்டமைப்பின் நிழலில் போய் ஆடியது.

பிரிந்தவர்கள் ஆட்டத்தை மறந்துவிடவில்லை. 2025-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸும் ஆரிகனும் தேசியப் போட்டியின் கடைசிக் கட்டம் வரை போயின. மாறியது பயணம்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் சேர்ந்த புதிய கூட்டமைப்பில், கிழக்குக் கரையில் உள்ள நியூ ஜெர்சி மாநிலக் கோஷ்டியும் உண்டு. இரண்டுக்கும் இடையே தூரம் 3,500 கிலோ மீட்டருக்கும் மேல். கடிகாரத்திலும் 3 மணி நேர வித்தியாசம். மாணவிகள் ஆட்டத்தோடு பாடத்தையும் பார்க்க வேண்டுமே!

பழைய பகை, புதிய உறவு

பசிபிக் கூட்டமைப்பின் பெயர் அழிந்துவிடவில்லை. 2026-ம் ஆண்டு முதல் அதில் சேர 2024-ம் ஆண்டு செப்டம்பரிலேயே புதிய பல்கலைக் கழகங்கள் சம்மதித்தன. அவற்றில் ஒன்று, கலிபோர்னியாவில் உள்ள பிரஸ்னோ ஸ்டேட்.

1998-ம் ஆண்டு தேசிய இறுதி ஆட்டத்தில், பலம் மிகுந்த அரிசோனாவை ஒன்றுக்குச் சைபர் என்று கவிழ்த்ததே, அதே பிரஸ்னோ ஸ்டேட்! அன்று பசிபிக் கூட்டமைப்பின் பட்டத்தைப் பறித்த கோஷ்டி, அந்தக் கூட்டமைப்பின் பெயரைக் காப்பாற்ற வந்தது.

ஒரு சட்டம் பெண்களுக்கு மைதானத்தைத் திறந்துவிட்டது. ஆனால் யாரோடு ஆடுவது என்பதை வேறோர் ஆட்டத்தின் பணம் தீர்மானித்தது. டூசானிலும் ஸ்டான்போர்டிலும் நடந்த இரண்டு போட்டிகள் சொல்லும் கதை அதுதான்.