களத்துமேட்டில் ஒரு கல்யாணம்

கல்யாணத்துக்கு இன்றியமையாதவர்கள் யார் யார் என்று கேட்டால், மாப்பிள்ளை, பெண், புரோகிதர், மேளக்காரர், சமையற்காரர் என்று நம் பாட்டனார்கள் விரல்விட்டு எண்ணியிருப்பார்கள். இக்காலத்தில் அந்த ஜாபிதாவில் முதல் ஸ்தானம் போட்டோக்காரருக்கே உரியது. முகூர்த்த நேரத்தைக் குறித்துக் கொடுப்பவர் பஞ்சாங்கக்காரர்தான். ஆனால், தாலி கட்டப்போகும் கையை, "அப்படியே நிறுத்துங்கள்! இந்தப் பக்கம் பாருங்கள்!" என்று அந்தரத்தில் நிறுத்தி வைக்கும் அதிகாரம் போட்டோக்காரர் ஒருவருக்குத்தான் உண்டு. நல்ல நேரம் நழுவினாலும் நழுவலாம். நல்ல படம் நழுவக் கூடாது!

இத்தகைய எண்ணங்களுடன்தான் சென்ற தை மாதம் சிங்கவரத்தில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

செஞ்சிக்கு வடக்கே, நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது சிங்கவரம். குன்றின்மேல், பாறையைக் குடைந்து அமைத்த கோயிலில் ரங்கநாதர் பள்ளி கொண்டிருக்கிறார். பெருமாள் முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டிருப்பதற்கு ஊரார் ஒரு காரணம் சொல்வார்கள். 1714-ம் வருஷம் ஆற்காட்டு நவாபின் சேனையோடு போர் புரியப் புறப்பட்ட தேசிங்கு ராஜன் விடை பெற வந்தபோது, அனுப்ப மனமில்லாமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். தேசிங்கு திரும்பி வரவில்லை என்பது சரித்திரம்.

செஞ்சிக் கோட்டைக்குள் கல்யாண மஹால் என்ற பெயரில் பல அடுக்குக் கோபுரத்துடன் ஒரு கட்டடம் இருக்கிறது. பிரம்மாண்டமான நெற்களஞ்சியமும் இருக்கிறது. 2025-ம் வருஷம் ஜூலை மாதம் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட மராட்டியக் கோட்டைகள் 12-ல் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. மீதி ஒன்று நம் செஞ்சி. ஆனால் நான் சொல்ல வந்த கல்யாணம் மஹாலில் நடக்கவில்லை, களத்துமேட்டில் நடந்தது. அறுவடை முடிந்து களம் காலியாயிருந்தது. மாட்டுக் கொட்டகையைக் கழுவி மெழுகிக் கோலமிட்டிருந்தார்கள். மல்லாட்டை மூட்டைகளை ஒரு மூலையில் அடுக்கி, அவற்றின்மேல் ஜமக்காளம் விரித்து, பெரியவர்களுக்கு ஆசனமாக்கியிருந்தார்கள். வைக்கோல் போருக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே தென்னங்கீற்றுப் பந்தல். கறவை மாடு ஒன்று நாதஸ்வரத்தைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் நடுவே போட்டோக்காரர் எங்கே என்று தேடினேன். சிறிய காமிராவுடன் ஓர் இளைஞர் கோட்டையடுப்பின் அருகே உட்கார்ந்து, சோறு வடிக்கும் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தார். கண்ணைப் பறிக்கும் விளக்கு இல்லை, குடை இல்லை, "சிரியுங்கள்" என்ற உத்தரவும் இல்லை. பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா தம்பி! எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு, நேராப் பாக்கச் சொல்லி எடுக்க மாட்டியா?" என்றார்.

"மலைமேலே பெருமாளே நேராப் பாக்கலியே, ஐயா!" என்றார் இளைஞர்.

பெரியவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக் காமிராவில் விழுந்துவிட்டது என்பதை அவர் பிறகுதான் தெரிந்துகொண்டார்.

வரிசையாக நின்று விறைத்துப் பார்க்கும் வழக்கம் நமக்கு எப்படி வந்தது? 1839-ம் வருஷம் பாரிஸ் நகரில் தாகேர் என்பவரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, ஒரு படம் விழுவதற்குப் பல நிமிஷங்கள் பிடித்தன. உருவம் கலையாமலிருக்க, தலைக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்துத் தாங்கினார்கள். சிரிப்பை அவ்வளவு நேரம் யாரால் பிடித்து வைக்க முடியும்? பின்னாட்களில் காமிராவின் வேகம் வளர்ந்தது. விறைப்பு மட்டும் வழக்கமாய் நின்றுவிட்டது.

1925-ம் வருஷம் ஜெர்மனியில் லைக்கா என்ற கையடக்கக் காமிரா விற்பனைக்கு வந்த பிறகு, படம் எடுப்பவர் ஜனங்களோடு ஜனமாய் நடமாடுவது எளிதாயிற்று. அந்தக் காமிராவைத் தம் கண்ணாகவே கொண்டவர் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். யாரையும் நிற்க வைக்காமல், செயற்கை வெளிச்சம் போடாமல், உள்ளதை உள்ளபடி எடுப்பது அவருடைய விரதம். 1950-ம் வருஷம் ஏப்ரல் மாதம் ரமண மகரிஷி சித்தியடைந்த சமயத்தில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். சிங்கவரத்திலிருந்து திருவண்ணாமலை சுமார் 40 கிலோமீட்டர்தான். சலனப் படத்தில் நம்மவர் ஒருவர் அதற்கு முன்பே வழிகாட்டியிருக்கிறார். கோட்டையூர் ஏ. கே. செட்டியார் தேசதேசாந்தரமெல்லாம் சுற்றி, காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிச் சேகரித்து, 1940-ல் ஒரு முழுநீள உண்மைப் படமாக வெளியிட்டார்.

களத்துமேட்டுக்குத் திரும்புவோம்.

மணப்பெண்ணின் தகப்பனார் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. நிலத்தை உழுது, கடனை அடைத்து, மகளைப் படிக்க வைத்து, இந்தக் கல்யாணத்தையும் நடத்தியவள் தாயார். ஆனால் தாலி கட்டும் வேளையில் அவள் பந்தலில் இல்லை. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. கைம்பெண் எங்கே நிற்க வேண்டும் என்பதை நம் சமூகம் சொல்லாமலே சொல்லி வைத்திருக்கிறதே! எல்லாரும் மணவறையை நோக்கியிருந்த அந்தக் கணத்தில், போட்டோக்கார இளைஞர் மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். வைக்கோல் போரின் ஓரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தது. மற்றொரு கை, பந்தலை எட்டாது என்று தெரிந்தும், மஞ்சள் அரிசியை வீசிக்கொண்டிருந்தது.

நிற்க வைத்து எடுக்கும் படத்தில் இது அகப்படுமா? ஒருபோதும் அகப்படாது. குரூப் போட்டோவில் அவளைக் கூப்பிட்டிருந்தால், "நான் எதுக்கு?" என்று நகர்ந்திருப்பாள்.

ஆனால் உள்ளதை உள்ளபடி எடுப்பதில் ஓர் அபாயமும் உண்டு. பிறர் கண்ணீர் நம் வேடிக்கைப் பொருள் அல்ல. கேளாமல் எடுத்ததைக் கேளாமல் காட்டுவது திருட்டுக்குச் சமானம். அந்த இளைஞர் இதை அறிந்திருந்தார். பந்தி முடிந்ததும் தாயாரிடம் போய்ப் படத்தைக் காண்பித்து, "அம்மா, இது வேண்டாம்னா இப்பவே அழிச்சுடறேன்" என்றார்.

அவள் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அங்கே நின்னது அவளுக்குத் தெரியாது. அவ பாக்கட்டும் தம்பி. அப்புறம் அவ சொல்றபடி செய்" என்றாள்.

புகைப்படத்துக்கும் ஆயுள் உண்டு. ஈரமும் கரையானும் பழைய ஸ்டூடியோக்களின் கண்ணாடித் தகடுகளை அழித்து வந்தன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவில், சுமார் 1880 முதல் 1980 வரை தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் எடுக்கப்பட்ட படங்களைத் தேடிப் பிரதி எடுத்துக் காப்பாற்றும் பணியில் ஈடுபட்டார்கள். பாட்டனார்களின் படங்களுக்காவது கரையான்தான் சத்துரு. நம் படங்களோ ஆயிரக்கணக்கில் கைப்பேசிக்குள் கிடக்கின்றன. கைப்பேசி தொலைந்தால் அவையும் தொலைந்தன. ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஆயிரம் படம் எடுங்கள், பத்தையாவது காகிதத்தில் அச்சிட்டு, பின்புறம் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்.

மாசி மாதத்தில் மறுபடியும் சிங்கவரம் போக நேர்ந்தது. அந்த வீட்டுக் கூடத்தில் புதிதாக ஒரே ஒரு படம் மாட்டியிருந்தது. மாலையும் கழுத்துமாய் மணமக்கள் நிற்கும் படம் அல்ல. வைக்கோல் போரின் ஓரத்தில், கையை நீட்டியபடி ஒரு தாய் நிற்கும் படம். அதன் பக்கத்தில், தகப்பனாரின் பழைய போட்டோ. அதைச் சற்றே நகர்த்தி இதற்கு இடம் செய்தவள் மகள்தான் என்று சொன்னார்கள்.

மணவறையில் கிடைக்காத இடம், சுவரிலாவது கிடைத்தது. அடுத்த கல்யாணத்தில் மணவறையிலேயே கிடைக்கட்டும்!